ஒன்று அடித்து, ஒன்று வாங்கி

என் அக்கா மகன் பிரபுவிடம் நூறு பக்க நோட்டு ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. தேதி, கிரவுண்டு, எதிர் டீம், எத்தனை நிமிடம் ஆடினான், அடித்தது, வாங்கியது என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பான். அவன் கால்பந்தில் லெஃப்ட் பேக், இடப்பக்கம் நின்று கோல் விழாமல் தடுப்பவன். அதனால் ‘அடித்தது’ கட்டம் பெரும்பாலும் காலிதான். 2017-ஆம் வருஷத்துப் பக்கத்தை இப்போது புரட்டினாலும் எனக்கு மனசு கனக்கும். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. வாரத்தில் ஆறு நாள், விடிகாலை ஐந்தரைக்கு வடசென்னையில் ஒரு கிரவுண்டில் பயிற்சி. மழை பெய்தாலும் போவான். அந்த வருஷம் முழுக்க அவன் ஆடிய முறையான மேட்ச் பதினொன்று. முழு நேரம் ஆடியது ஏழு.

அந்த வருஷம் அக்டோபரில்தான் நாங்கள் இரண்டு பேரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டில்லிக்குப் போனோம். 17 வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. கொச்சி, கோவா, கொல்கத்தா, குவாஹாட்டி, நவி மும்பை, டில்லி என்று ஆறு ஊர்களில் ஆட்டங்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா ஆடும் மூன்று ஆட்டங்களும் டில்லி நேரு ஸ்டேடியத்தில். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா நடத்தும் எந்த உலகக் கோப்பையிலும் இந்தியா அதற்கு முன்னால் ஆடியதே கிடையாது. 1950-இல் பிரேசிலுக்குப் போக இடம் கிடைத்தும் போகாமல் விட்ட நாடு இது. அறுபத்தேழு வருஷம் கழித்து ஒரு இந்திய டீம் அந்தக் கொடிக்குப் பின்னால் வரிசையாக நடந்து வரப்போகிறது என்றால் அதை டிவியில் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதல் ஆட்டம் அக்டோபர் 6, அமெரிக்காவோடு. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்கு ரயில். சென்ட்ரல் பிளாட்ஃபாரத்தில் பையின் மேல் உட்கார்ந்து என் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பெனால்டியில் ஒன்று, இரண்டாம் பாதியில் ஒன்று என்று வாங்கியாகிவிட்டது. கடைசி நேரத்தில் அன்வர் அலி அடித்த பந்து கிராஸ்பாரில் மோதித் திரும்பியது. பிரபு எழுந்தேவிட்டான். அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பையன்கள் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடி மூன்றாவது கோலைப் போட்டார்கள். 1-2 ஆகியிருக்க வேண்டியது, சில நொடிகளில் 0-3. ரயிலில் ஏறிப் படுத்த பிறகும் மேல் பெர்த்திலிருந்து, "பார்ல பட்டுதுல்ல மாமா" என்று இரண்டு தடவை சொன்னான்.

அக்டோபர் 9, கொலம்பியா. அதைத்தான் நாங்கள் நேரில் பார்த்தோம்.

நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். சீனியர் டீமுக்கே அந்த ஸ்டேடியத்தில் அவ்வளவு பேர் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. முதல் பாதி முடியும் நேரத்தில் திருச்சூர்ப் பையன் ராகுல் அடித்த பந்து போஸ்ட்டில் பட்டது. கோல் கீப்பர் தீரஜ் சிங் வலமும் இடமும் பாய்ந்து தடுத்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கொலம்பியாவின் பென்யலோசா ஒரு கோல் போட்டான். அப்புறமும் இந்தியா ஓய்ந்துபோகவில்லை. பிரபுவின் கண் முழுக்க சஞ்சீவ் ஸ்டாலின் மேல். பெங்களூர்ப் பையன், லெஃப்ட் பேக், கிட்டத்தட்ட இவன் வயது. "காலை எப்படி வெக்கிறான் பாருங்க மாமா, பந்து வர்றதுக்கு முன்னாடியே உடம்பைத் திருப்பிடறான்" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தான்.

82-ஆவது நிமிடம் கார்னர். ஸ்டாலின்தான் எடுக்கப் போனான். பிரபு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பந்து வளைந்து உள்ளே வந்தது, நெட்டையான ஜீக்சன் சிங் எம்பி முட்டினான், உள்ளே. ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி என்னைத் தூக்கியே விட்டார். என் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. எனக்குப் பின்னால் ஒரு அம்மா அழுதுகொண்டே கை தட்டினார். நானும் அழுதேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிரபு மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, ஆட்டம் ஆரம்பிச்சிட்டாங்க. பாருங்க. பாருங்க மாமா."

நான் திரும்பியபோது பந்து மறுபடி நம் வலைக்குள் இருந்தது. 83-ஆவது நிமிடம், அதே பென்யலோசா. பக்கத்தில் இருந்த பலருக்கு இரண்டாவது கோல் விழுந்ததே தெரியாது. முதல் கோலுக்காக இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் போர்டைப் பார்த்துத்தான் அடங்கினார்கள்.

திரும்பும் ரயிலில் நாக்பூர் தாண்டும்வரை பிரபு பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "கோல் அடிக்கத் தெரிஞ்சிருக்கு மாமா. அடிச்ச அப்புறம் என்ன பண்ணணும்னு பழக்கமில்லை." எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். கோல் அடித்த மறு நிமிடத்தில் மூச்சு வாங்கி, தன் இடத்துக்குத் திரும்பி, எதிராளி எப்படி வெறியோடு வருவான் என்று எதிர்பார்த்து நிற்பதை எந்தப் பயிற்சியாளரும் கரும்பலகையில் வரைந்து கற்றுக்கொடுத்துவிட முடியாது. மேட்ச் ஆடி, சமன் செய்து, உடனே ஒன்று வாங்கி, அந்தக் கசப்போடு வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் மறுபடி ஆடித்தான் அது காலில் இறங்கும். அதற்கு வருஷத்துக்குப் பதினொரு மேட்ச் காணாது.

மூன்றாவது ஆட்டத்தில் கானாவிடம் 0-4. மொத்தக் கணக்கு: ஆட்டம் 3, அடித்தது 1, வாங்கியது 9, குரூப்பில் கடைசி. இணையத்தில் இந்த டீமின் சாதனைப் பட்டியலைத் தேடினால் அந்த ஒற்றை வரிதான் கிடைக்கும்.

அந்த வரியை வைத்து அந்தப் பையன்களைக் குறை சொல்கிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கும் போடுவேன். போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம் அது; தகுதிச்சுற்று ஆடி வாங்கியதில்லை. அதற்காகவே ஒரு டீமைப் பொறுக்கி எடுத்து, கோவாவில் தங்கவைத்து, வெளிநாடுகளுக்கு அனுப்பித் தயார் செய்தார்கள். நடுவில் பயிற்சியாளரும் மாறினார். ஜெர்மனிக்காரர் நிக்கோலாய் ஆடம் போய், 2017-இல் போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்டன் டி மாட்டோஸ் வந்தார். அந்த மே மாதம் ‘இத்தாலியை இந்தியா 2-0 என்று வென்றது’ என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. நானும் பத்து பேருக்கு அனுப்பினேன். எதிரில் ஆடியது இத்தாலியின் தேசிய டீமே இல்லை, மூன்றாம் நிலை லீகிலிருந்து எடுத்த பையன்கள் என்று அப்புறம்தான் வெளியே வந்தது. ஜெயித்த பையன்கள் மேல் அதில் தப்பில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக் குதிப்பதும், எண்ணை மட்டும் பார்த்துத் திட்டுவதும் ஒரே நோய்தான்.

21 பேர் கொண்ட அந்த டீமில் எட்டுப் பேர் மணிப்பூர். கேப்டன் அமர்ஜித் சிங்கும் ஜீக்சனும் உறவுக்காரப் பையன்கள். மிசோரத்திலிருந்து லாலெங்மாவியா, சிக்கிமிலிருந்து கோமல் தட்டால். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் நம் ஊர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் இன்றுவரை அதுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையன்கூட அந்த இருபத்தொன்றில் இல்லை என்பது எனக்கு வலித்தது. பிரபுவுக்கு வலிக்கவில்லை. "மணிப்பூர்ல சின்னதிலிருந்தே மேட்ச் ஆடிக்கிட்டே இருப்பாங்க மாமா" என்றான், ரொம்ப சாதாரணமாக.

வயது விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரபு ஒரு தேர்வுக்குப் போய்த் திரும்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. எந்த இடம் என்று சொல்லவில்லை. இவன் இடத்தில் எடுக்கப்பட்ட பையனுக்கு முகத்தில் தாடி அடர்த்தியாக இருந்தது. சர்டிபிகேட்டில் பதினைந்து. கூட வந்த அப்பாக்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்படிச் சேர்த்த டீம் உள்ளூரில் கோப்பை வாங்கிவிடும். சர்வதேசப் போட்டிக்கு வந்தால் மணிக்கட்டை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். மணிக்கட்டு எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. பதின்ம வயது முடிகிற கட்டத்தில் அது எலும்போடு முழுதாக ஒட்டிவிடும். ஒட்டிவிட்டால் அந்தப் பையன் பதினேழைத் தாண்டியிருக்க மிக அதிக வாய்ப்பு, வெளியே போக வேண்டியதுதான். அப்போது சரியான வயதுப் பையனைத் தேடினால் அவன் கிடைக்க மாட்டான். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போய் ஆட்டத்தையே விட்டிருப்பான்.

உலகக் கோப்பை முடிந்ததும் நடந்த ஒரு காரியத்தை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். அந்தப் பையன்களைக் கலைத்து அனுப்பாமல், ‘இந்தியன் ஏரோஸ்’ என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசிய லீகில் பெரியவர்களோடு ஆடவிட்டார்கள். முதல் மேட்சே நம்ம சென்னை சிட்டிக்கு எதிராக, கோவாவில். 3-0 என்று நம்மை அடித்தார்கள், அனிகேத் ஜாதவ் இரண்டு கோல். சென்னை டீம் தோற்று நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான். சீசன் முடிவில் ஏரோஸ் அட்டவணையில் கடைசி. ஆனால் பதினெட்டு மேட்ச் ஆடியிருந்தார்கள், வளர்ந்த ஆண்களிடம் மோதி, விழுந்து, எழுந்து. 2022-இல் அந்த டீமை மூடிவிட்டார்கள். அதை மூடியது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

2018 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் இரண்டு செய்தி வந்தது. ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில் 20 வயதுக்கு உட்பட்ட இந்திய டீம் அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. அனிகேத் சிவப்பு அட்டை வாங்கிப் போன பிறகு பத்துப் பேரோடு ஆடி ஜெயித்தது. சென்ட்ரல் பிளாட்ஃபாரத்தில் எங்களை எழுந்து நிற்கவைத்த அதே அன்வர் அலியின் ஃப்ரீ கிக் இந்தத் தடவை வலைக்குள் போனது. எதிர்ப்பக்கம் பயிற்சியாளராக நின்றவர் லியோனல் ஸ்கலோனி, நாலு வருஷம் கழித்துக் கத்தாரில் உலகக் கோப்பையை வென்றவர். அன்றைக்கே ஜோர்டானில் 16 வயது டீம் ஆசிய சாம்பியனாக இருந்த இராக்கை 1-0 என்று வென்றது. எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதே கோட்டிஃப் போட்டியில் இந்தியா ஸ்பெயினின் முர்சியா வட்டார டீமிடமும் மொரிடானியாவிடமும் தோற்றிருந்தது. அழைப்பின் பேரில் ஆடும் போட்டியில் வரும் வெற்றி இனிக்கும், ஆனால் அது எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாது.

எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயிருக்கக்கூடிய ஆட்டம் அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

2018 ஆசிய 16 வயது சாம்பியன்ஷிப், மலேசியாவில். கோவாக்காரர் பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியாளர். இது தானமாக வந்த இடமில்லை. தகுதிச்சுற்று ஆடி வந்தது. முதல் ஆட்டம் வியட்நாம். கடைசிக் கட்டத்தில் கிடைத்த பெனால்டியை விக்ரம் பிரதாப் சிங் அடித்து 1-0. அடுத்து ஈரான், 0-0. அதில் ஒரு பெனால்டியைக் கோல் கீப்பர் நீரஜ் குமார் தடுத்தான். அடுத்து இந்தோனேசியா, அந்த நாட்டவர் நிறைந்து வந்து கத்திய ஆட்டம், அதுவும் 0-0. கால் இறுதிக்குப் போயாகிவிட்டது, 2002-க்குப் பிறகு முதல் தடவையாக. கால் இறுதியில் ஜெயித்தால் அரை இறுதி. அரை இறுதிக்கு வந்த நான்கு டீமும் அடுத்த வருஷ உலகக் கோப்பைக்கு நேராகப் போகும். எதிரில் தென் கொரியா.

அக்டோபர் 1. நானும் பிரபுவும் போனில் ஸ்கோரைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். பாதி நேரம், 0-0. அறுபது நிமிடம் தாண்டியும் 0-0. பிரபு ஒன்றும் பேசாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். 67-ஆவது நிமிடத்தில் ஜோங் சாங் பின் என்ற கொரியப் பையன் கோல் போட்டான். 0-1. அப்படியே முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி பிரபு தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தான் ஆடாத ஒரு டீமின் கணக்கை முதல் தடவையாக எழுதினான். ஆட்டம் 4. அடித்தது 1. வாங்கியது 1. ஒரு பேக் ஆடுகிற பையனுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும். ஆசியாவின் பெரிய டீம்களுக்கு எதிராக 360 நிமிடம் நின்று ஒரே ஒரு கோல் வாங்கியிருக்கிறார்கள். முன்னே போய் அடிக்கத்தான் ஆள் போதவில்லை. இந்தியாவின் இளைஞர் கால்பந்து வரலாற்றில் எது பெரிய ஆட்டம் என்று கேட்டால், நாற்பதாயிரம் பேருக்கு மேல் கத்திய கொலம்பியா ஆட்டத்தை நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்தவன்தான், இருந்தும் சொல்ல மாட்டேன். தோற்றுப்போன இந்தக் கொரியா ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

காலம் நமக்கு ஒத்துவராத கதை இது மட்டுமில்லை. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் ஷபீர் அலி தலைமையில் ஆடிய இந்தியா, இறுதி ஆட்டத்தில் ஈரானோடு 2-2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. அந்த நாளில் ஈரான் இளைஞர் டீம் ஆசியாவில் அசைக்க முடியாதது. அவ்வளவு உயரத்துக்கு ஏறிய அந்தப் பையன்கள் அடுத்து ஏற, இளைஞர் உலகப் போட்டி என்று ஒன்று அப்போது கிடையாது. அது துனிசியாவில் தொடங்கியதே 1977-இல்தான். 2018-இல் ஆசியாவின் கடைசி எட்டுக்குள் வந்தோம், கடைசி நான்குக்குத்தான் கதவு திறந்திருந்தது. 2025-லிருந்து 17 வயது உலகக் கோப்பையில் 48 டீம். ஆசியக் கோப்பையின் கால் இறுதிக்கு வந்தாலே போதும், உலகக் கோப்பை உறுதி. நீரஜும் விக்ரமும் வந்து நின்ற அதே படி. 2023-இல் தாய்லாந்தில் நடந்த ஆசியக் கோப்பையில் அந்தப் படிக்கு நாம் வரவில்லை. வியட்நாமோடு 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, கடைசியில் சாம்பியனான ஜப்பானிடம் 4-8. ஜப்பானுக்கு நாலு கோல் அடித்த பையன்கள் எட்டு வாங்கினார்கள்.

பெண் பிள்ளைகள் கதை இதைவிடக் கொடுமை. 2020-இல் இந்தியாவில் நடக்க வேண்டிய 17 வயது மகளிர் உலகக் கோப்பை கொரோனாவால் ரத்தானது. அதற்காகத் தயாரான பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டது. அவர்கள் ஆட வேண்டிய ஆட்டம் வரவே இல்லை. 2022-இல் வேறு பிள்ளைகள் ஆடினார்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் இந்தியச் சம்மேளனத்தை ஃபிஃபா தடை செய்து, பதினோரு நாளில் தடையை நீக்கியது. நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் பயிற்சி எடுத்த பிள்ளைகள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த எண்களைச் சொல்லிச் சிரித்தவர்களை நான் மறக்கவில்லை. 2025-இல் மியான்மரை 1-0 என்று வென்று 20 வயது மகளிர் டீம் இருபது வருஷம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2017 பையன்கள் வீணாகப் போகவில்லை. ஜீக்சன், சுரேஷ் சிங், லாலெங்மாவியா எல்லோரும் சீனியர் இந்தியா ஆடினார்கள். அன்வர் அலிக்கு 2019-இல் இதயத்தில் கோளாறு என்று கண்டுபிடித்து ஆடக் கூடாது என்றார்கள். அவர் நீதிமன்றம் வரை போய் ஆட்டத்துக்குத் திரும்பினார், 2022-இல் ஹாங்காங்குக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்தார். ரஹீம் அலி ‘சென்னையின் எஃப்சி’ கிளப்புக்கு வந்தார். நம்ம நேரு ஸ்டேடியத்தில் அவர் வார்ம்-அப் ஓடும்போது பிரபு கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றான்.

பிரபு பத்தொன்பது வயதில் டீம் தேடுவதை விட்டுவிட்டான். இப்போது அம்பத்தூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதே கிரவுண்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பிள்ளைகள் முப்பது பேரைச் சேர்த்து வைத்திருக்கிறான். அரை மணி நேரம்தான் பயிற்சி. அப்புறம் மேட்ச், விசில் வைத்து, ஸ்கோர் வைத்து. பக்கத்துத் தெருப் பிள்ளைகள், அடுத்த பேட்டைப் பிள்ளைகள் என்று யார் கிடைத்தாலும் கூப்பிட்டு ஆடவிடுகிறான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதே கட்டங்களோடு.

போன வாரம் போயிருந்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி இருந்த நம்ம பிள்ளைகள் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்று போட்டுவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து கார்னர் கொடிக்கு ஓடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. நானும் கத்திக்கொண்டு கோட்டுக்குள்ளேயே போய்விட்டேன். பிரபு கத்தவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினேன். லெஃப்ட் பேக் ஆடும் சின்னப் பெண் ஒருத்தி, எல்லோரையும்போல ஓடாமல், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். எதிர் டீம் பந்தை நடுப்புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தது. அவள் பார்வை அந்தப் பந்தின் மேல் இருந்தது.

"ஏய், வாங்கடா பின்னாடி" என்று அவள் கத்தினாள்.